இடுப்பு வலிக்காரன் சைக்கிள் மிதிச்ச கதை

இந்த சனிக்கிழமை சைக்கிள் டூர் போயே தீருவேன். மழை வந்தாலும் போவேன், மாமனார் வந்தாலும் போவேன். போன வாரம் கண்ணாடிக் கடையில லென்ஸ் தேய்ச்சுக்கிட்டே நான் போட்ட சபதம் இது.

மாமனார் ஏன் இதுல வர்றார்னா, அவருக்கு ஒரு காலி மனை இருக்கு. அதுல முள்ளும் புதரும் ஆள் உயரத்துக்கு வளர்ந்து நிக்குதாம். நிக்குதாம்னுதான் சொல்ல முடியும். கல்யாணமாகி ரெண்டு வருஷத்துல நான் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்ல. "ஒரு சனிக்கிழமை போய் வெட்டி விட்டுட்டு வந்துடுங்களேன்"னு வீட்டுக்காரம்மா வாயைத் திறந்தா போதும், எனக்கு இடுப்பு வலி வந்துடும். கேட்டா வரும், கேக்கலைன்னா வராது. அவ்வளவு மரியாதை தெரிஞ்ச வலி.

இப்ப சிக்கல் என்னன்னா, வலி இருந்தா டூர் கிடையாது. வலி போயிடுச்சுன்னா மனை. ரெண்டு நாள் யோசிச்சு நடுவுல ஒரு சந்து கண்டுபிடிச்சேன்.

"இடுப்பு வலிக்கு சைக்கிள் மிதிக்கிறது ரொம்ப நல்லதாம்."

அவ தையல் மெஷின்லேர்ந்து தலையைத் தூக்கல. "யார் சொன்னது?"

"டாக்டர்."

"உங்க ஃப்ரெண்டு பல் டாக்டரா?"

"பல்லும் ஒரு மாதிரி எலும்புதானே."

"எவ்வளவு தூரம் மிதிக்கணுமாம்?"

"நாப்பது கிலோமீட்டர். அப்படியே டென்ட் போட்டுத் தங்கிட்டு ஞாயித்துக்கிழமை வர்றோம்."

"குனியலாமா?"

"குனியவே கூடாதுன்னுட்டாரு. மிதி மட்டும்தான்."

"சரி, போய்ட்டு வாங்க."

அவ்வளவுதான். பதினோரு பதில் தயார் பண்ணி வெச்சிருந்தேன். பாதிக்கு மேல வீணாப் போச்சு. அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். உறைக்கல, ஏன்னா நான் சமையல் தராசை எடுத்துட்டு வந்து மூட்டையை எடை போட ஆரம்பிச்சுட்டேன். டூர்ல ஒவ்வொரு கிராமும் கால்லதான் கனக்கும்னு படிச்சிருந்தேன். துண்டைப் பாதியா கிழிச்சேன். டூத் பிரஷ் காம்பை ரம்பத்தால அறுத்தேன். பல் டாக்டர் அதைப் பார்த்துட்டு தலையில அடிச்சுக்கிட்டான்.

ரூட்டு போட்டது இன்னொரு ஃப்ரெண்டு, பூகோள வாத்தியார். உலகத்தையே சுருட்டி அக்குள்ல வெச்சுக்கிட்டு கிளாசுக்குப் போறவன். அவன் முன்னாடி, நான் நடுவுல, பல் டாக்டர் கடைசி. காலையில ஏழு மணிக்குக் கிளம்பினோம். பத்தாவது கிலோமீட்டர்ல தொடை கெஞ்சுச்சு. இருவதுல முட்டி அழுதுச்சு. முப்பதுல சீட்டு எது, நான் எதுன்னே தெரியல. ஆனா இறங்கல. மேட்டுல ஒரு ஆட்டுக்குட்டி என்னை முந்திட்டுப் போச்சு, அப்பவும் இறங்கல. காலையில வலது பக்கம் இருந்த சூரியன் கொஞ்ச நேரத்துல இடது பக்கம் வந்துடுச்சு. சூரியன் நகரும்னு எனக்கும் தெரியும், அதனால கேக்கல.

ரெண்டு மணிக்கு வாத்தியார் பிரேக் அடிச்சான். "இதான் இடம்."

வேலி இல்லாத ஒரு நிலம். ஓரத்துல ஒரு பெரிய மரம். மிச்சம் பூரா முள்.

"டேய், இதுல எங்கடா டென்ட் போடுறது?"

"ரெடியா இருக்கிற இடத்துல எவன் வேணா படுப்பான். நிலத்தைத் தானே சீர் பண்ணிப் படுக்கிறவன்தான்டா நிஜமான டூர்காரன்."

அந்த ஒரு வார்த்தை போதும். எனக்கு ரத்தம் கொதிச்சிடுச்சு. மரத்தடியில பார்த்தா ரெண்டு அரிவாள், ஒரு மண்வெட்டி, மூணு ஜோடி கையுறை.

"யாரோ மறந்துட்டுப் போயிருக்காங்க போல," ன்னான் வாத்தியார்.

"வேலைக்குப் பயந்து ஓடிப்போன சோம்பேறியா இருப்பான்," ன்னேன் நான்.

வெட்டினேன். சும்மா இல்ல, வெறி புடிச்ச மாதிரி வெட்டினேன். பல் டாக்டர் ஒவ்வொரு புதரையும் ஆட்டி ஆட்டிப் பார்த்து, "மேல வெட்டினா பத்தாது, வேரோட புடுங்கணும், இல்லைன்னா ஆறு மாசத்துல திரும்பவும் தொல்லை"ன்னு புடுங்கினான். வாத்தியார் பாதி வேலை செஞ்சான், பாதி நேரம் நான் குனியுறதை ஃபோட்டோ எடுத்தான்.

"மூணு டென்ட்டுக்கு எதுக்குடா இவ்வளவு இடம்?" னு பல் டாக்டர் கேட்டான்.

"பாம்பு வரும்டா. அந்த மூலை வரைக்கும் வெட்டு," ன்னேன். ஆமா, நானேதான் சொன்னேன்.

அஞ்சு மணிக்கு நிலம் கன்னத்தை மழிச்ச மாதிரி இருந்துச்சு. நிமிர்ந்து வேர்வையைத் துடைக்கிறேன், ஒரு ஸ்கூட்டர் வந்து நிக்குது. ஓட்டிட்டு வந்தது என் மாமனார். பின்னாடி தூக்குச் சட்டியோட என் வீட்டுக்காரம்மா.

"மாமா, நீங்க எங்க இந்தப் பக்கம்?"

"என் மனைக்கு நான் வரக்கூடாதா மாப்ள?"

நான் வாத்தியாரைப் பார்த்தேன். அவன் ரொம்ப அக்கறையா சைக்கிள் டயரை அமுக்கிப் பார்த்துட்டிருந்தான்.

"இது நம்ம மனையா?" னு அவகிட்ட கேட்டேன்.

"ஒரு தடவ வந்து எட்டிப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்ல."

"நாப்பது கிலோமீட்டர் தள்ளியா உங்கப்பா மனை வாங்கினாரு?"

"நம்ம வீட்லேர்ந்து நாலு கிலோமீட்டர்தாங்க. நீங்க ஆசைப்பட்டீங்களேன்னு வாத்தியார்கிட்ட சொல்லி கொஞ்சம் சுத்திக் கூட்டிட்டு வரச் சொன்னேன்."

"என் இடுப்பு..."

"ஃபோட்டோல பார்த்தேன். நல்லா வளையுது."

மாமனார் மனையை நாலு பக்கமும் நடந்து பார்த்துட்டு, "மாப்ள கை வெச்சா தனிதான்," ன்னார். அது பாராட்டா, என்னன்னு இன்னும் புரியல. ஆனா ஆம்பளைக்கு ரோஷம்னு ஒண்ணு இருக்கு. மண்வெட்டியைத் தூக்கிப் போட்டேன். நெஞ்சை நிமித்தினேன்.

"நல்லா கேட்டுக்கோ. வேலை வாங்கிட்ட, சந்தோஷம். ஆனா நான் டூருக்குத்தான் வந்தேன். டென்ட்டை இங்கதான் அடிப்பேன், இங்கதான் தூங்குவேன். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் யார் கூப்பிட்டாலும் இந்த மண்ணை விட்டு ஒரு அடி நகர மாட்டேன்."

அவ என்னை ஒரு நிமிஷம் பாசமா பார்த்தா. அப்புறம் அவ அப்பா பக்கம் திரும்பினா.

"அப்பா, வேலிக்கல் லாரியைக் காலையில ஆறு மணிக்கே வரச் சொல்லிடுங்க. குழி தோண்ட ஆள் இங்கயேதான் இருக்காரு."