குழி 1, குழி 2

இணையத்தில் பொதுச்சேவை செய்யக் கிளம்புகிறவர்கள் முதலில் தங்கள் போனில் உள்ள படங்களை ஒழுங்காகப் பெயர் போட்டு வைக்க வேண்டும் என்பார்கள். நான் வைத்திருந்தேன். அதனால்தான் இவ்வளவும் நடந்தது.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. டிகிரி முடித்துவிட்டு பெரிய காஞ்சிபுரத்தில் வீட்டிலிருந்தபடி வேலை தேடிக்கொண்டிருந்தேன் (தேடியது போனில் என்பதால் வேலையைத் தவிர மற்றதெல்லாம் கிடைத்தது). அப்படிக் கிடைத்ததுதான் அந்தத் தன்னார்வலர் இணையதளம். பெயர் வேண்டாம், அவர்கள் நல்லவர்கள். சாலையில் குழி இருந்தால் படம் எடுத்து, நாலு வரி எழுதி அதில் போட வேண்டும். பார்க்கிறவர்கள் பட்டனைத் தட்டி ஆதரவு கொடுப்பார்கள். ஆதரவு சேர்ந்தால் யாராவது ஒரு புண்ணியவான் சிமெண்ட் வாங்கித் தருவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தன்னார்வலர்கள் வந்து குழியை மூடிவிட்டுப் போவார்கள்.

நான் சேர்ந்த ஐந்தாவது நிமிடம் 'சமூக மாற்றத்தின் தூதர்' என்று என் பெயர் போட்ட சான்றிதழ் வந்தது. அதை வாட்ஸப்பில் முகப்புப் படமாக வைத்துவிட்டு, மாற்றுவதற்கு ஏதாவது இருக்கிறதா என்று வாசலுக்கு வந்து பார்த்தேன்.

இருந்தது. எங்கள் வாசலுக்கு நேர் எதிரே, தெருவின் பாதி அகலத்துக்கு ஒரு குழி. மழை பெய்தால் குளம், பெய்யாவிட்டால் பள்ளம். அப்பா ஒருமுறை சைக்கிளோடு அதில் விழுந்து எழுந்திருக்கிறார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டோம். பொறுக்க முடியாத செய்தியை வேலு அண்ணன் கொண்டுவந்தார். எங்கள் வட்டாரத்து முருகன் கோயிலில் சாமி தூக்குகிறவர்களுக்கு அவர்தான் தலைவர்.

"தோள்ல சாமி இருக்குதுபா. ஒருத்தன் கால் உள்ள போச்சுன்னா சாமியே சாஞ்சிடும். குழிய மூடுங்க. மூடலன்னா இந்த வருஷம் தெருமுனையோட திரும்பிடுவோம்" என்றார் அப்பாவிடம்.

இது எந்த வருஷமும் கஷ்டம்தான். அந்த வருஷம் பெரிய கஷ்டம். சாமி வாசலில் நின்று பூஜையை ஏற்றுக்கொள்ளும் மண்டகப்படி அதுவரை பெரியப்பா வீட்டில்தான் நடந்துவந்தது. முதல்முறையாக அது அப்பாவுக்கு வந்திருந்தது. சாமிக்குச் சாத்துவதற்காக அரக்கும் பச்சையுமாக ஒரு சின்னப் பட்டை அவரே தறியில் போட்டு நெய்துகொண்டிருந்தார். வழக்கமாகப் புடவையை முடித்ததும் மடித்துக் கொடுத்துவிட்டு எழுந்துவிடுகிற மனிதர், இதை நெய்யும்போது நடுநடுவே நிறுத்தி, தடவிப் பார்த்துக்கொண்டார். தெருமுனையோடு சாமி திரும்பிவிடும் என்று கேட்டதும் உள்ளே போய்த் தறியில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் பாத்துக்கறேன்பா" என்றேன். தூதர் வேறு எப்படிப் பேசுவாள்?

இங்கே தறியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்களுடையது குழித்தறி. தரையில் முழங்கால் ஆழத்துக்கு மேல் ஒரு குழி இருக்கும். நெய்கிறவர் அதன் விளிம்பில் உட்கார்ந்து, கால்களை உள்ளே விட்டு, அடியில் இருக்கும் மிதிகளை மிதித்தபடி நெய்ய வேண்டும். திருவிழாவுக்கு அக்கா தன் ஒன்றரை வயதுக் குழந்தையோடு வருவதாக இருந்தாள். குழந்தை தத்தித் தத்திப் போய் உள்ளே விழுந்துவிடக் கூடாதென்று, நெய்யாத நேரத்தில் குழியை மூட ஒரு பலகை செய்யச் சொல்லி, வாலாஜாபாத்தில் இருக்கும் ஆசாரியிடம் அப்பா கேட்டிருந்தார். ஆசாரி படமும் அளவும் அனுப்பச் சொன்னார்.

ஆக, ஒரே நாளில் மூட வேண்டிய குழிகள் இரண்டு.

முதலில் தெருக்குழியை எடுத்தேன். பக்கத்தில் டேப்பை விரித்து வைத்து அளவும் தெரியும்படி எடுத்தேன். பிறகு டேப்போடு உள்ளே வந்து தறிக்குழியை எடுக்கப் போனேன். அப்பா நெய்துகொண்டிருந்தார்.

"எழுந்துக்கோப்பா, கால் தெரியுது."

"காலு தெரிஞ்சா இன்னாமா? குழி தெரியுதுல்ல? எடு."

எடுத்தேன். குழப்பம் வரக் கூடாது என்பதற்காக 'குழி 1', 'குழி 2' என்று படங்களுக்குப் பெயர் வைத்தேன். பிறகு, வீட்டுக்குள் இருப்பது முதலா, வெளியே இருப்பது முதலா என்பதை மறந்துபோனேன்.

படத்தைவிட எழுத்தில்தான் என் கவனம் இருந்தது. கல்லூரியில் கட்டுரைப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கியவள் (கலந்துகொண்டவர்கள் மூன்று பேர்). இணையதளத்தில் இப்படி எழுதினேன்: "இந்தக் குழி எங்கள் தெருவுக்கே அவமானம். பல ஆண்டுகளாக என் தந்தை இதனால் அவதிப்படுகிறார். இதை நிரந்தரமாக மூடினால்தான் எங்கள் குடும்பத்துக்கு விடிவு. முருகனே எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்." கீழே, குழிக்குள் வயதான கால்கள் இரண்டு தொங்கும் படம். மற்ற படத்தை ஆசாரிக்கு அனுப்பிவைத்தேன்.

ஆதரவு கொட்டியது. இணைப்பை எல்லா வாட்ஸப் குழுக்களுக்கும் அனுப்பினேன். சொந்தக்காரர்களும் படத்தைத் திறந்து பார்க்காமலே பட்டனைத் தட்டினார்கள், அதுதான் சொந்தம். முன்பின் தெரியாதவர்கள் கருத்து எழுதினார்கள். அவை ஒவ்வொன்றாகப் போன் திரையின் உச்சியில் எட்டிப் பார்க்கும், நான் அங்கேயே பதில் போடுவேன்.

"ஐயா இப்போது எப்படி இருக்கிறார்?" என்று ஒருவர் கேட்டார்.

சைக்கிளில் விழுந்ததைக் கேட்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, "அப்படியேதான் இருக்கிறார். அவருக்குப் பழகிவிட்டது" என்று எழுதினேன்.

"சாப்பாட்டுக்கு என்ன செய்கிறார்?"

என்ன மாதிரி மனிதர்கள், அப்பாவின் சாப்பாட்டைக்கூட விசாரிக்கிறார்களே என்று நெகிழ்ந்துபோய், "அம்மா நேரத்துக்குக் கொடுத்துவிடுகிறார்" என்று எழுதினேன்.

"எவ்வளவு நாளாக?"

"கல்யாணம் ஆனதிலிருந்து."

இதற்குப் பிறகு ஆதரவு இரண்டு மடங்கானது.

நான் இப்படி நெகிழ்ந்துகொண்டிருந்த அதே நேரத்தில், பக்கத்தில் அப்பா ஆசாரியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில்தான் பேசுவார். என் காதிலும் விழுந்தது.

"படம் வந்துச்சுண்ணே. இன்னாண்ணே, தண்ணி நிக்குது?"

"ஓதம் இருக்கும்பா. மழக்காலம்ல?"

"செருப்பு ஒண்ணு மெதக்குதே!"

"யாருதாவது இருக்கும். நீ அளவப் பாரு."

"பாத்துட்டேன். பெருசாத்தான் இருக்குது. கனமா செஞ்சிடறேன். வண்டியே ஏறினாலும் தாங்கும்."

"எங்க வூட்ல எதுக்குபா வண்டி ஏறுது? சரி, செய்யி."

இதைக் கேட்டும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நான் சமூகத்தை மாற்றிக்கொண்டிருந்தேன்.

திருவிழா ஞாயிறும் தன்னார்வலர் ஞாயிறும் ஒன்றாக அமைந்தது. காலையில் வந்து பத்து மணிக்குள் மூடிவிடுவார்கள், சாயங்காலம் சாமி வரும். இதைவிடப் பொருத்தம் ஜாதகத்தில்கூட வராது என்று அம்மாவிடம் சொன்னேன். சொன்னபடி எட்டரை மணிக்குக் குட்டியானை வண்டியில் ஜல்லி, மணல், சிமெண்ட் மூட்டைகளோடு மஞ்சள் டீ-ஷர்ட் போட்ட ஆறு பேர் வந்து இறங்கினார்கள். தலைவி நிவேதா என்ற பெண், என் வயதுதான். இறங்கியதும் தெருக்குழியைச் சுற்றிக்கொண்டு, அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், நேரே எங்கள் வீட்டுக்குள் போனாள். பின்னாலேயே ஒருவர் மண்வெட்டியோடு போனார்.

அப்பா தறியில் இருந்தார். சாமியின் பட்டில் இன்னும் நாலு விரல் அகலம் பாக்கி. நிவேதா தன் போனை அவர் முகத்துக்கு நேராகத் திருப்பினாள். அதில் ஒரு பெரியவர் தெரிந்தார். சிமெண்ட் வாங்கிக் கொடுத்த புண்ணியவான், வீடியோவில் துபாயிலிருந்து.

"ஐயா, பயப்படாதீங்க. எங்க பசங்க வந்துட்டாங்க. உங்களத் தூக்கிடுவாங்க" என்றார் அவர். குரல் உடைந்திருந்தது.

"யாரும்மா இவரு? என்ன எதுக்குத் தூக்கணும்?" என்றார் அப்பா.

"நீங்கதான அங்கிள் குழியில இருக்கிறது? உங்க பொண்ணு எழுதியிருக்காங்களே" என்று நிவேதா நான் எழுதியதை உரக்க வாசித்தாள். தெருவுக்கே அவமானம் என்பதிலிருந்து முருகன் காத்திருப்பதுவரை ஒரு வரி விடவில்லை. நல்ல உச்சரிப்பு. அம்மா கையில் காபி டம்ளரோடு அப்படியே நின்றாள்.

அப்பா கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தறியில் கிடந்த பட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"என் தறிய மூடச் சொல்லி ஊர் பூரா எழுதினியாமா?" என்றார். மெதுவாகத்தான் கேட்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. போனைத் திறந்து இரண்டு படங்களையும் அவரிடம் காட்டி, இது வெளியே இருக்கிற குழி, இது உள்ளே இருக்கிற குழி, மாறிப்போச்சுப்பா, மாறிப்போச்சு என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்த்தார்.

"இது எந்தக் குழி?"

"தெருக்குழிப்பா."

"இது எந்தக் குழி?"

"உன் குழிப்பா."

"காலு இருக்குதே, தெரியலையாமா உனக்கு?" என்றார். அவ்வளவுதான். பிறகு புண்ணியவானிடம், "நல்லா இருக்கேன் சார். நெய்துக்கினு இருக்கேன். நீங்க சாப்ட்டீங்களா?" என்று விசாரித்தார். அவர் அங்கே கண்ணைத் துடைத்துக்கொண்டே தறியைக் காட்டச் சொல்லிப் பார்த்தார்.

நிவேதா நல்ல பெண். "பரவால்லக்கா, வெளிய இருக்கிறத மூடிடலாம்" என்றாள். என்னைவிட இரண்டு மாதம் மூத்தவள் என்பது பிறகு தெரிந்தது. மணல் கலந்து, ஜல்லி கொட்டி, பதினொரு மணிக்குத் தெருக்குழியை நிரப்பி, மேலே கரண்டியால் வழித்துக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டார்கள். தெருவே கைதட்டியது. நானும் தட்டினேன். பிறகு நிவேதா சுற்றிலும் கயிறு கட்டி ஓர் அட்டையைத் தொங்கவிட்டாள்: 'மூன்று நாள் யாரும் மிதிக்கக் கூடாது.'

கான்கிரீட் காய வேண்டும் என்பது எனக்குத் தெரியும். மூன்று நாள் என்பது தெரியாது.

அட்டையைப் படித்த வேலு அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. "தண்ணி நின்னப்போ உள்ள கால வெச்சாவது பாத்து பாத்து போயிருப்போம். இப்போ இன்னாமா பண்றது? சாமி தாண்டிக் குதிக்குமா?" என்றார். அம்மா கோலப்பொடியை உள்ளே எடுத்து வைத்துவிட்டாள். அப்பா மட்டும் மிச்சமிருந்த நாலு விரலை நெய்து முடித்து, பட்டை அறுத்து மடித்துத் தாம்பாளத்தில் வைத்தார். சாமி வராது என்று தெரிந்தும் வைத்தார். அதைப் பார்த்தபோது, கட்டுரைப் போட்டியில் எனக்கு மூன்றாம் பரிசே கொடுத்திருக்கலாம் என்று தோன்றியது.

நாலு மணிக்கு மொபெட்டின் பின்னால் ஒரு கதவைக் கட்டிக்கொண்டு ஆசாரி வந்தார். கதவல்ல, பலகை. ஒரு ஆள் படுக்கிற நீளம், அதற்கேற்ற அகலம், மூன்று விரல் கனம், அடியில் இரண்டு சட்டம். உள்ளே போய்த் தறிக்குழியைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார்.

"அண்ணே, உங்க குழி சுருங்கிப்போச்சா?" என்றார்.

அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், "வேலு, இங்க வாப்பா" என்று குரல் கொடுத்தார்.

நாலு பேர் பிடித்துத் தூக்கி வைத்தார்கள். விளிம்புக்கு விளிம்பு அப்படியே பொருந்தியது. பொருந்தாமல் எப்படி இருக்கும்? அளவு நான் எடுத்தது, டேப்பை வைத்து. ஆறு மணிக்கு மேளத்தோடு சாமி வந்தது. தூக்கியவர்கள் பலகை மேல் ஏறி, எங்கள் வாசலுக்கு நேராக, அதன் மேலேயே நின்றார்கள். அப்பாவின் பட்டைச் சாமிக்குச் சாத்தினார்கள். தீபாராதனையின்போது அவர் கை கூப்பவில்லை, கூப்ப மறந்து பட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வாழ்க்கையில் அத்தனை நிம்மதியாக நான் அழுததில்லை.

மறுநாள் காலை பலகையை எடுக்கப் போனோம். வரவில்லை. சாமியின் பாரத்தில் அடிச்சட்டம் இரண்டும் ஈரக் கான்கிரீட்டில் இறங்கி, அப்படியே பிடித்துக்கொண்டுவிட்டன. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. ஆட்டோக்காரர்களிடம் 'பலகை வீடு' என்றால் கொண்டுவந்து விடுவார்கள். துபாய் புண்ணியவான், முதலில் படத்தைப் பார்த்த வேகத்தில் அப்பாவுக்காக அனுப்பிய ஊன்றுகோல் அடுத்த வாரம் கூரியரில் வந்து சேர்ந்தது. அதை வைத்து அம்மா முருங்கைக்காய் பறிக்கிறாள். தறிக்குழிக்கு வேறு பலகை செய்ய ஆசாரி படம் கேட்டபோது, "படம் வாணாம்பா, நேர்ல வந்து பாத்துட்டுப் போ" என்றார் அப்பா.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் எந்தப் படத்தை யாருக்கு அனுப்பினாலும் முதல் கேள்வி, "இது எந்தக் குழி?" என்பதுதான். ரேஷன் கார்டு, கேஸ் பில், அக்கா குழந்தையின் பிறந்தநாள், எதுவாக இருந்தாலும் இதே கேள்விதான். குழந்தை பேச ஆரம்பித்ததும் அதற்கும் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

இரண்டு வருஷம் கழித்து எனக்கு வரன் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் படம் என் போனுக்குத்தான் வந்தது. எனக்குப் பிடித்திருந்தது. மூன்று முறை சரிபார்த்து, அப்பாவின் போனுக்கு அனுப்பிவிட்டுப் பக்கத்திலேயே போய் நின்றேன். அவர் தறியில் இருந்தபடியே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். முகம் மலர்ந்தது. எந்தக் குழி என்று கேட்கப்போகிறார், கேட்கட்டும் என்று தயாராக நின்றேன். அவர் அதைக் கேட்கவில்லை.

"நல்ல பையனாத்தான் தெரியுது. சரி, ஆசாரிக்கு எந்தப் படம் போச்சு?" என்றார்.