ஆயுத பூஜையும் மூடாத பானெட்டும்

ஒரு குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போன ஆளிடம் ஒரு கெட்ட பழக்கம் இருக்கும். வீட்டில் எது பழுதானாலும் அவர் ஒரு விளக்கம் சொல்லியே தீருவார். பழுது சரியாகுமா என்பது வேறு விஷயம். எங்கள் குடும்பத்தில் அந்த ஆள் நான்தான்.

அப்பா மராத்திக்காரர்களின் ஊரான சிஞ்ச்வட்டில் ஒரு தொழிற்சாலையில் பிரஸ் மிஷினில் தகடு அடிப்பவர். அம்மாவுக்கு பஸ் நம்பர் மட்டும் படிக்கத் தெரியும். இவர்களுக்குப் பிறந்த நான் ஆட்டோமொபைலில் டிப்ளமா வாங்கி, உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலைக்கும் சேர்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மிக்சி நின்றால்கூட 'லோட்', 'ஸ்ட்ரெஸ்' என்ற சொற்கள் இல்லாமல் நான் வாயைத் திறந்ததில்லை. (அதற்குள் அம்மா மிக்சியைத் தலையில் ஒரு தட்டு தட்டி ஓடவைத்திருப்பாள்.)

என் சம்பாத்தியத்தில் நான் வாங்கிய முதல் பெரிய பொருள் ஒரு பழைய வெள்ளைக் கார். அது எத்தனையாவது கை என்று விற்றவருக்கே தெரியாது. நிக்டியில் எங்கள் வீடு இருந்தது ஒரு முட்டுச்சந்தில். உள்ளே போன வண்டியைத் திருப்ப இடம் கிடையாது. அதனால் தினமும் காலையில், ஒரு பக்கம் பக்கத்து வீட்டு ஷிண்டே காக்குவின் (மராத்தியில் காக்கு என்றால் சித்தி) அப்பளம் காயும் கட்டில், மறுபக்கம் சாக்கடை என்று, சந்து முழுக்க ரிவர்ஸிலேயே வெளியே வருவேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் சேகர் மாமாவுக்குக் கொண்டாட்டம். அம்மாவின் தம்பி, டூரிஸ்ட் டாக்சி ஓட்டுபவர்.

"என்னம்மா, படிச்ச பொண்ணு! ஊரே முன்னாடி போவுது, நீ மட்டும் பின்னாடியே போறியே!"

மாமாவுக்கு அந்தக் காரின் மேல் ஒரு கண். அதையும் டாக்சியாக ஓட்டலாம் என்று அப்பாவின் காதில் ஓதிக்கொண்டே இருந்தார். காரும் அவர் கட்சிதான். வளைவில் திருப்பினால் முன்பக்கம் ஒருமுறை யோசித்து, ஒருமுறை குலுங்கி, பிறகுதான் திரும்பும். அப்பாவின் சூப்பர்வைசர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனபோது அப்படி யோசித்ததில் பந்தல் காலை உரசிவிட்டது. வாழைமரம் சாய்ந்து மாப்பிள்ளையின் சித்தப்பா மேல் விழுந்தது.

அன்று அப்பா சொன்னார்: "இன்னொரு தடவ நாலு பேர் முன்னால இந்த வண்டி என்னைத் தலைகுனிய வெச்சா, சாவி சேகர் கைக்குப் போயிடும். சொல்லிட்டேன்." (கார் என்னுடையதுதான். ஆனால் வீடு அப்பாவுடையது. சாவி வீட்டில்தானே தொங்குகிறது?)

புத்தியுள்ள பெண்ணாக இருந்தால் கொஞ்ச நாள் காரை வெளியே எடுக்காமல் இருந்திருப்பாள். நானோ எங்கள் காலனிச் சங்கமான மண்டல் நவராத்திரிக்கு நடத்திய கார் போட்டியில் பெயர் கொடுத்தேன். மைதானத்தில் காலி எண்ணெய் டிரம்களை வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். இடிக்காமல் நெளிந்து நெளிந்து ஓட்டிக் கடக்க வேண்டும். அதுவரை எந்தப் பெண்ணும் பெயர் கொடுத்ததில்லை.

அதற்கு முன் காரின் ஆட்டத்தை நிறுத்த வேண்டும். அதற்கு மருந்து ஸ்ட்ரட் பார் என்று படித்திருந்தேன். முன்சக்கரங்களுக்கு மேலே, பானெட்டுக்குள், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கோபுரங்கள் உண்டு. வளைவில் அவை ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். குறுக்கே ஒரு கம்பியைப் போட்டு இரண்டையும் இறுக்கிவிட்டால், சண்டைக்காரச் சம்பந்திகளை ஒரே சோபாவில் உட்காரவைத்த மாதிரி அடங்கிவிடும்.

முதலில் பாணேரில் கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு கார் சாமான் கடைக்குப் போனேன். வெளிநாட்டு அலுமினியக் கம்பி, வெல்வெட் மெத்தையில் படுத்திருந்தது. காரை விற்றால் அதை வாங்கலாம். பிறகு மாட்டுவதற்குக் கார் இருக்காது. அடுத்து பழைய சாமான் சந்தை. அங்கே கிடைத்தது எந்தக் காருக்கும் பொருந்தும்படி இரண்டு முனையிலும் கீல் வைத்த கம்பி. ஆட்டத்தை நிறுத்த வாங்கும் சாமானே ஆடினால் என்ன செய்வது? கடைசியில் நானே படம் வரைந்து, சிஞ்ச்வட்டில் ஒரு வெல்டிங் பட்டறையில் கொடுத்தேன். கெட்டியான எஃகுக் குழாய், இரண்டு முனையிலும் தகடு, மேலே சிவப்புப் பெயின்ட். விலை, கோபுரத்துக்குக் கோபுரம் தூரம், துளைக்குத் துளை இடைவெளி, எல்லாம் கச்சிதம். மேலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று அவ்வளவு அழகாக வரைந்திருந்தேன்.

பக்கவாட்டில் பார்த்தால் எப்படி இருக்கும் என்று மட்டும் வரையவில்லை.

போட்டி ஆயுத பூஜையன்று மாலை. அன்று காலையில் கம்பியை மாட்டினேன். முழங்கை வரை கிரீஸோடு கடைசி நட்டை இறுக்கி முடித்ததும் அம்மா வந்து ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டாள்.

"குடுடி, நேரமாச்சு. சாமிகிட்ட வைக்கணும்."

ஸ்பேனர், சுத்தியல், அரிவாள்மணை, என் கால்குலேட்டர், டிப்ளமா சர்டிபிகேட் எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு சாமி முன்னால் உட்கார்ந்தன. புதுக் கம்பிக்கும் சந்தனம், குங்குமம். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். ஊதுவத்தி வாசனையோடு நான் பெருமையாகப் பானெட்டை மூடினேன்.

'டங்' என்றது. மூடவில்லை.

நாலு விரற்கடை தூக்கிக்கொண்டு நின்றது. அழுத்தினேன். மேலே ஏறி உட்கார்ந்தேன். அதுவும் நானும் கம்பியின் மேல்தான் உட்கார்ந்திருந்தோம்.

சேகர் மாமா சுண்டலை மென்றுகொண்டே வந்து குனிந்து பார்த்தார். "மாமா! வண்டி ஏன் வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது? சுண்டல் வேணுமாம்!" (அவருக்கு என் அப்பா மாமா முறை. இந்தக் கேள்வி அப்பாவுக்காகத்தான்.)

கம்பியைக் கழற்றினால் தீர்ந்தது. பூஜை அறைக்கு ஓடினேன். அம்மா வாசலில் கையை விரித்து நின்றாள்.

"பூஜையில வெச்சத நாளைக்குக் காலையில மறுபூஜை பண்ணாம தொடக்கூடாது."

"அம்மா, ஒரே ஒரு ஸ்பேனர்!"

"ஒரே ஒரு சரஸ்வதிதான்டி இருக்கா."

(வண்டிக்கு மட்டும் விதிவிலக்கு. இல்லாவிட்டால் ஊரில் பஸ் ஓடாதே.)

ஷிண்டே காக்கு வீட்டுக்கு ஓடினேன். மராத்திக்காரர்களுக்கு அன்று கண்டே நவமி, அவர்களுடைய ஆயுத பூஜை. அவர்கள் வீட்டு ஸ்பேனரும் சாமந்திப்பூவுக்கு அடியில் இருந்தது. "பானா? ஆஜ்? நாஹி பேட்டா, பூஜேத் ஆஹே!" என்று, பூஜையில் இருக்கும் ஸ்பேனரை இன்று கேட்பதே பாவம் என்பது போல, காக்கு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தெரு முனைப் பட்டறைக்குப் போனேன். பூட்டுக்கு மாலை போட்டிருந்தார்கள். உலகத்துக்கே நட்டும் போல்ட்டும் செய்துகொடுக்கும் ஊரில், அன்று ஒரு ஸ்பேனர் கிடைக்கவில்லை.

கடைசியில் அம்மாவின் பழைய சேலையால் பானெட்டை பம்பரோடு சேர்த்துக் கட்டினேன். பச்சையில் மஞ்சள் பூப்போட்ட சேலை. பல்வலிக்காரன் தாடையில் துணி கட்டிக்கொண்டு கிளம்பியது போல, நாங்கள் மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

காலனியே அங்கேதான் இருந்தது. முதல் வரிசையில் அப்பா, பக்கத்தில் மாமா. எனக்கு முன்னால் போனவர்கள் எல்லோரும் வேகத்தில் ஒன்றிரண்டு டிரம்களைச் சாய்த்திருந்தார்கள். மைக்கில் ஒருவர் என் பெயரைச் சொல்லி, "லேடீஸ் டிரைவர்! சப்லோக் தோடா பீச்சே ஹடோ!" என்று கூட்டத்தைப் பின்னால் நகரச் சொன்னார். சிரிப்பு அலை.

கிளம்பினேன். கார் ஆடவில்லை. முதல் டிரம், இரண்டாவது டிரம், அம்பு மாதிரி திரும்பியது! பாதி தூரம் போயிருப்பேன். ஒரு மேட்டில் சக்கரம் ஏறி இறங்கியதும் சேலையின் முடிச்சு அவிழ்ந்தது. பானெட் எழுந்து காரின் முன்கண்ணாடியை முழுசாக மறைத்தது. வெளியே சிவப்புக் கம்பி, சந்தனம் குங்குமத்தோடு ஊருக்கே தரிசனம் தந்தது. உள்ளே எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நிறுத்திவிட்டேன்.

கூட்டம் 'ஓ' என்றது. பக்கத்துக் கண்ணாடி வழியாக அப்பாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்னால் பார்க்க முடியாது. சரி. பின்னால் பார்க்க முடியுமே!

வால் எல்லைக்கோட்டைப் பார்க்கும்படி ஒரு ஒடி ஒடித்து காரைத் திருப்பினேன். கழுத்தை வளைத்துப் பின்கண்ணாடியைப் பார்த்து ரிவர்ஸ் போட்டேன். அப்பளக் கட்டிலுக்கும் சாக்கடைக்கும் நடுவே தினமும் போகிறவளுக்கு டிரம் எல்லாம் ஒரு பொருட்டா? அந்த இடைவெளியில் எங்கள் முட்டுச்சந்தையே உள்ளே விடலாம். நெளிந்து, நெளிந்து, வால் முன்னாடி, வாய் பின்னாடி, சேலை தரையில் புரள, ஒரு டிரம்மைக்கூடத் தொடாமல் எல்லைக்கோட்டைத் தாண்டினேன்.

ஷிண்டே காக்குவின் விசில்தான் முதலில் கேட்டது.

ரிவர்ஸில் வந்தது செல்லுமா என்று மண்டல்காரர்கள் கூடிப் பேசினார்கள். டிரம்மைத் தொடக்கூடாது என்று விதி இருந்தது. எந்தப் பக்கமாக வர வேண்டும் என்று விதி இல்லை. தொடாமல் வந்தது நான் ஒருத்திதான். முதல் பரிசு எனக்கு. பரிசு, பிரஷர் குக்கர். (ஜெயிக்கிறவரின் மனைவிக்கு என்று வாங்கி வைத்திருந்தார்களாம்.)

அப்பா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். கையை நீட்டினார்.

"சாவியக் குடு."

மாமாவின் முகம் மலர்ந்தது. சாவியைக் கொடுத்தேன். அப்பா காரின் பின்பக்கம் போய், டிக்கியைத் திறந்து, குக்கரை உள்ளே வைத்துப் பூட்டி, சாவியை என் கையில் திரும்ப வைத்தார்.

"உன் வண்டி. நீயே ஓட்டு." பிறகு மாமாவைப் பார்த்து, "சேகர், நீ அந்தச் சேலையச் சுருட்டிக்கிட்டு வா" என்றார்.

மறுநாள் மறுபூஜை முடிந்ததும் ஸ்பேனர் விடுதலையானது. நடுவில் வளைவு வைத்துக் கம்பியை மறுபடி செய்தேன், பானெட் மூடியது. அடுத்த வாரமே மாமா தன் டாக்சிக்கும் ஒன்று கேட்டு வந்தார். ஜெயிக்கவைத்தது கம்பியா, முட்டுச்சந்தா என்று நான் யாரிடமும் விவாதிப்பதில்லை.

ஆனால் அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பீரோ, டிபன் பாக்ஸ், சூட்கேஸ் என்று எது புதிதாக வந்தாலும் எல்லோரும் ஒரே குரலில் கேட்பது ஒரே கேள்விதான்: "மூடிப் பாத்தியா?"

போன மாதம் புதுக் கார் வாங்க அப்பாவோடு ஷோரூம் போனேன். கடைக்காரப் பையன் மைலேஜ், பவர் ஸ்டியரிங், ஏர்பேக் என்று ஹிந்தியில் மூச்சுவிடாமல் அடுக்கினான். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவன் முடித்ததும் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, எங்கள் வீட்டுக் கேள்வியை ஹிந்தியில் கேட்டார்:

"டீக் ஹை. பானெட் ஏக் பார் பந்த் கர்கே திகாவ்."