மயங்குமுன் தின்பவர்

சாப்பிட்டுவிட்டு மயங்குபவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சாப்பாடு இல்லாமல் மயங்குபவரையும் பார்த்திருப்பீர்கள். மூன்றாவதாக ஓர் இனம் உண்டு. எங்கே மயக்கம் வந்து தொலைக்குமோ என்ற பயத்திலேயே தின்பவர். இவருக்கு நீரிழிவு இருக்கும், டாக்டர் சொன்ன நடை இருக்கும், வேட்டி மடிப்பில் கருப்பட்டியும் இருக்கும். இதில் கொஞ்சம் குறைகிற சாமான் நடைதான்.

அருப்புக்கோட்டையில் நூல்கடை வைத்திருந்த வெங்கடசாமி இந்த இனத்தின் தலைமகன். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். டாக்டர் அவருடைய சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் விட்டு, நீல மருந்து சேர்த்துக் காய்ச்சினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்தில் போய் நின்றது; சர்க்கரை உச்சத்தில் என்று அர்த்தம்.

"பாத்தீரா வெங்கடசாமி?"

"சாயம் நல்லாப் பிடிச்சிருக்கு சார். எத்தனை தொவை தொவைச்சாலும் போகாது."

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு, தினமும் காலையில் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளவும், போட்டவுடன் அளவாகச் சாப்பிடவும், அப்புறம் ஊரைத் தாண்டி நெடுந்தூரம் நடக்கவும், நடையில் என்றைக்காவது கை நடுங்கி உடம்பு வேர்த்துக் கண் இருட்டினால் மட்டும் ஒரு துண்டு கருப்பட்டியை வாயில் போட்டுக்கொள்ளவும் சொன்னார். இவ்வளவு நீண்ட உபதேசத்தில் நம்மவர் காதில் விழுந்தது கருப்பட்டி ஒன்றுதான். யுத்தத்தை முன்னிட்டுச் சீனிக்குத்தானே ரேஷன், கண்ட்ரோல் எல்லாம்? கருப்பட்டியை எந்தச் சர்க்கார் தடுத்தது?

மறுநாளே நடை தொடங்கியது. மயக்கமும் தொடங்கியது. பந்தல்குடி ரோட்டில் ஆளில்லாத பொட்டலில் அந்த மயக்கம் ஒருநாளும் வந்ததில்லை. மிட்டாய்க்கடை வாசலில் வரும், காப்பிக்கடை முனையில் வரும், நாலு தெரிந்த முகம் உள்ள இடம் பார்த்து வரும். வரும்போது ஊமையாகவும் வராது. நெற்றியில் கை வைத்து, "கண்ணு இருட்டுது, காது அடைக்குது, முழங்காலு வெலவெலக்குது, நாக்கு ஒட்டுது" என்று தலை முதல் கால் வரை ஒரு உறுப்பையும் விட்டுவிடாமல் அறிவித்துவிட்டுத்தான் மடிப்பை அவிழ்ப்பார். அவிழ்த்தால் ஒரு துண்டோடு நிற்குமா?

போகிற வழியில் நெசவாளர் தெரு. அங்கே கங்கம்மாளும் அவள் புருசன் சென்னய்யாவும் தறிக்கு ஏற்றப்போகிற நீள நூலான பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக ஓட்டமும் நடையுமாய் புருசு என்கிற பெரிய பிரஷ்ஷைப் போட்டு நீவிக்கொண்டிருப்பார்கள். திருச்சுழிக்குப் போய்த் திரும்புகிற நடையை அவள் அந்தத் தெருவுக்குள்ளேயே நடந்துவிடுவாள். அவளை நிறுத்தி, கருப்பட்டியை மென்றுகொண்டே வெங்கடசாமி சொல்வார்:

"நடைக்குன்னு ஒரு மொறை இருக்கு கங்கம்மா. மூச்சை அளந்து விடணும். ஒனக்கு எங்க இதெல்லாம் தெரியப் போகுது?"

"நீங்க தின்னுட்டுச் சொல்லுங்க மாமா. கேட்டுக்கிடுறேன்."

இந்தத் திருவிளையாடல் ஒருநாள் அவர் பெண்சாதி லிங்கம்மாளுக்குத் தெரிந்துபோயிற்று. டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தவரை வாசலிலேயே மறித்து, மடிப்பிலிருந்த கருப்பட்டியைத் துளி விடாமல் பிடுங்கிக்கொண்டாள்.

"இட்லி இருக்கு. தின்னுட்டுப் போங்க."

"ஒரு துண்டு கருப்பட்டிக்கு என்னைய நம்பாத வீட்டுல இட்லி எதுக்குடி?"

ரோஷம்! ஊசி போட்ட உடம்பை வெறும் வயிற்றோடு தூக்கிக்கொண்டு, வழக்கத்தைவிட வேகமாக, பந்தல்குடி ரோட்டில் பாதித் தூரம் போய்த் திரும்பினார். ரோஷத்தில் நடந்ததால் அன்று நிஜமாகவே நடந்துவிட்டார். நெசவாளர் தெருவுக்கு வந்தபோது சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கை ஆடியது. தன் பாவில் முட்டப்போனவரைப் பார்த்துச் சென்னய்யா, "ஆரம்பிச்சிட்டாக," என்று சிரித்தான்.

கங்கம்மாள் சிரிக்கவில்லை. வெங்கடசாமிக்குச் சொல்ல வேண்டும் போலத்தான் இருந்தது. கண், காது, முழங்கால், எல்லாம் வரிசையாக நெஞ்சில் நின்றன. வாய்தான் வரவில்லை.

"ஏங்க, மாமா பேசலை!" என்று கத்தினாள். "பேசாம நிக்கிறாகன்னா நெசந்தான்!"

கையருகே இருந்தது பாவுக்கு வைத்த கஞ்சிப் பானை ஒன்றுதான். பாவோ பாதிதான் நனைந்திருந்தது. நூல் கிடைக்காத அந்தக் காலத்தில் நாயாய் அலைந்து வாங்கிய நூல். கஞ்சி பாதியில் நின்று வெயிலில் காய்ந்தால் இழையோடு இழை ஒட்டி அத்தனையும் பாழ். கங்கம்மாள் பாவை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் பானையைத் தூக்கி அவர் வாயில் சரித்தாள். மூச்சு வாங்கக் குடித்தார். நாலில் ஒரு பங்கு மீசையில் போயிற்று.

கொஞ்ச நேரம் கழித்துக் கண் திறந்தார்.

"உப்புப் போடலையா?"

தகவல் தெரிந்து லிங்கம்மாள் இட்லியோடு ஓடிவந்தாள். அவரை உட்காரவைத்து ஊட்டினாள். பாவைப் பார்த்ததும் திரும்ப வீட்டுக்கு ஓடி, உலையில் இருந்த சோற்றைக் குழையக் கரைத்துப் பானையோடு கொண்டுவந்தாள். வெங்கடசாமியின் மத்தியானச் சாப்பாடு முழுவதும் பாவில் ஏறியது. அவர் கையில் ஒரு புருசையும் திணித்தார்கள். பாவு தப்பியது. மூச்சை அளந்துவிட அவருக்கு நேரமில்லை.

மடிப்பில் கருப்பட்டி இல்லாத அந்த வாரம் டாக்டரின் குழாய் பச்சையிலேயே நின்றுவிட்டது. டாக்டர் நடையைப் பாராட்டினார். வெங்கடசாமியோ பாவுக் கஞ்சியில்தான் சூட்சுமம் என்று முடிவுகட்டி, மறுநாள் ஒரு செம்போடு தெருவுக்கு வந்து, நெற்றியில் கை வைத்தார்.

"கங்கம்மா, கண்ணு இருட்டுது, காது அடைக்குது..."

அவள் புருசை நிறுத்தவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பேச்சு வருதுல்ல? அப்ப ஒண்ணுமில்லை. நடங்க மாமா."

நீங்கள் சிரிக்கிறீர்கள். நமக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்கிறீர்கள். ரொம்பச் சந்தோஷம். ஆனால் இன்று காலை தெருமுனை வரை போய்வந்த அலுப்புக்காக எதையோ எடுத்து வாயில் போட்டுக்கொண்டீர்களே, அது என்ன? என்னிடம் சொல்ல வேண்டாம். முதலில் மென்று விழுங்குங்கள்.