என் மகள் யார் காலையும் பிடிக்க மாட்டாள்

முடிவெடுக்கத் தெரியாதவர்கள்தான் அட்டவணை போடுவார்கள். இதைத் தத்துவமாகச் சொல்லவில்லை, குற்ற ஒப்புதலாகச் சொல்கிறேன். பத்தொன்பது வயதில் நான் போட்ட அட்டவணையில் இருபத்தேழு நிரல்கள் இருந்தன. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் வேறு அடித்திருந்தேன். அவ்வளவையும் வைத்து நான் ஒப்பிட்டது மூன்றே மூன்று பள்ளிக்கூடங்களை.

மூன்றும் பொடோலோகி பள்ளிக்கூடங்கள். அதாவது பாத வைத்தியம். நகம், ஆணி, பித்தவெடிப்பு, சலரோகக்காரரின் (நீரிழிவு உள்ளவரின்) கால் என்று ஜேர்மனியில் இதற்கு இரண்டு வருடப் படிப்பு இருக்கிறது, சிரிக்காதேங்கோ. பீலெஃபெல்டில் எங்கள் வீட்டுக் குசினியில் இந்தச் சொல்லை முதல் தடவை சொன்னபோது அம்மாவின் கையில் அகப்பை அப்படியே நின்றுவிட்டது.

"பொடோலோகியோ? பொடியளைப் பற்றின படிப்போ?"

"ஐயோ அம்மா, காலைப் பற்றினது!"

பையன்களைப் பற்றியதில்லை என்றதும் அம்மாவுக்கு நிம்மதி. அப்பாவுக்குத்தான் முகம் கறுத்தது. அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு கொள்கை: "ஒருத்தரின்ர காலையும் பிடிக்காமல் இந்த நாட்டில தலை நிமிர்ந்து இருக்கிறன்." கலியாண வீட்டிலும் சொல்லுவார், பஸ் தரிப்பிடத்திலும் சொல்லுவார். வேலைக்கோ வீட்டுக்கோ விசாவுக்கோ அவர் யாரிடமும் கெஞ்சியதில்லை. அப்படிப்பட்ட மனுசனின் ஒரே மகள், கால் பிடிக்கிறதையே தொழிலாகப் படிக்கப் போகிறேன் என்கிறாள்.

(அந்த நாட்களில் அவருடைய சொந்தப் பெருவிரலில் நகம் உள்ளே வளர்ந்து, நொண்டி நொண்டித்தான் திரிந்தார். கேட்டால் "சப்பாத்து சரியில்லை" என்பார். நாலு சப்பாத்து மாற்றிவிட்டார்.)

கடைசியில் அட்டவணைதான் அவரை மடக்கியது. அப்பாவுக்குப் புள்ளி போடுவதென்றால் உயிர். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து இருந்தார். முதலாவது, டிரெஸ்டன்.

"அங்க எங்கட ஆக்கள் ஆர் இருக்கினம்?" என்றாள் அம்மா.

"ஒருத்தரும் இல்லை."

"அப்ப சைபர் போடுங்கோ."

எனக்கு அந்த ஊரில் பிடித்த விஷயமே அதுதான். சைபர் போட்டாயிற்று.

இரண்டாவது, ஸ்டுட்கார்ட். பள்ளிக்கூடத்துக்கு இரண்டு தெரு தள்ளி மாமி வீடு. அப்பா 'மாமி' என்று புதிதாக ஒரு நிரல் திறந்து ஐம்பது புள்ளி போட்டார். (மற்ற நிரல் எல்லாம் பத்துக்கு.) மாமி நல்லவ. ஆனால் அவவின் போனில் எஞ்சினியர் மாப்பிள்ளைமாரின் படங்கள் நிறைந்து வழியும். அங்கே போயிருந்தால் நான் முதல் நகம் வெட்ட முன்னம் என் காலில் மெட்டி ஏறியிருக்கும்.

மூன்றாவது, வீட்டிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். அங்கே ஒரே ஒரு இடம்தான் மிச்சம், நேரில் வாருங்கள் என்று மின்னஞ்சல் வந்தது. "கிடைச்சால் இது. கிடைக்காட்டில் மாமி," என்று அப்பா தீர்ப்புச் சொன்னார்.

சொன்னவர் என்னோடு வந்தும்விட்டார், அட்டவணையை அச்சடித்துக்கொண்டு. இருபத்தொன்பதாவது நிரலைப் பேனையால் அவரே சேர்த்திருந்தார்: 'கக்கூஸ் சுத்தம்'. அதைப் பரிசோதிக்க அவர் நொண்டிக்கொண்டு ஒரு பக்கம் போக, நான் தனியே அதிபரின் அறைக்குள் போனேன்.

அதிபர் நெடிய மனுசன். கோட், டை எல்லாம் கட்டியிருந்தார். என் சான்றிதழ்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஒரு சப்பாத்தைக் கழற்றினார், காலுறையைக் கழற்றி மடித்து வைத்தார், கதிரையில் சாய்ந்தார்.

"இங்கே முதல் கேள்வி இதுதான். முன்பின் தெரியாத ஒருவரின் காலை உங்களால் தொட முடியுமா?"

எனக்கு மாமியின் முகம்தான் தெரிந்தது. தொப்பென்று முழங்காலில் விழுந்தேன். (பக்கத்தில் ஒரு ஸ்டூல் இருந்தது. அதில் இருக்கச் சொல்லித்தான் கை காட்டினாராம்.) பாதத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, இன்னும் கொஞ்சம் உயர்த்துங்கோ என்ற கருத்தில் "பிட்டே! பிட்டே!" என்றேன். 'தயவுசெய்து' என்பதற்கும் கெஞ்சுவதற்கும் ஜேர்மன்காரருக்கு இந்த ஒரு சொல்தான். பதற்றத்தில் கண்ணும் ஒழுகத் தொடங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. அப்பா.

அவர் கண்ட காட்சியை யோசித்துப் பாருங்கள். கோட்டுப் போட்ட ஒரு வெள்ளைக்காரன் சாய்ந்திருக்கிறான். பெற்ற பிள்ளை முழங்காலில் நின்று, அவன் காலைப் பிடித்து, அழுதழுது "பிட்டே" என்கிறாள்.

"எழும்பு பிள்ளை!" அட்டவணை பறந்தது. "எங்களுக்கு இந்த இடமே வேண்டாம், எழும்பு!" பிறகு அதிபர் பக்கம் திரும்பி, தமிழைச் சொல்லுக்குச் சொல் ஜேர்மனுக்கு மாற்றி முழங்கினார்: "என் மகள் யார் காலையும் பிடிக்க மாட்டாள்!"

பாத வைத்தியப் பள்ளிக்கூடத்தில், அதுவும் அதிபரிடம்.

அதிபர் தன் வெறுங்காலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அப்படியென்றால் இவர் வேறு ஏதாவது படிப்பது நல்லது," என்றார், மிகுந்த மரியாதையோடு.

எனக்கு ஸ்டுட்கார்ட் ரயிலின் சத்தமே கேட்டுவிட்டது. காலை விடாமல் (ஓம், இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்) விளக்கம் சொல்லத் தொடங்கினேன். "எங்கள் மொழியில் காலைப் பிடிக்கிறது என்றால் கெஞ்சுகிறது. அப்பா யாரிடமும் கெஞ்சாதவர். நானும் கெஞ்சவில்லை. காலை மட்டும்தான் பிடித்தேன்." சொல்லச் சொல்ல எனக்கே விளங்கவில்லை.

அப்பாவுக்கு அப்போதுதான் உறைத்தது. "ஓ, இது சோதனையோ?" என்று அசடு வழிந்தபடி, சிதறிய தாள்களைப் பொறுக்க அவசரமாக முன்னால் வந்தார். அந்தப் பாழாய்ப்போன ஸ்டூலில் பெருவிரல் போய் மோதியது. "ஐயோ அம்மா!" என்ற அலறலில் வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அதிபர் என் கையிலிருந்து தன் காலை மெதுவாக மீட்டுக்கொண்டு எழும்பினார். அப்பாவைக் கதிரையில் இருத்தி, சப்பாத்தைக் கழற்றினார். பிறகு டையும் வெறுங்காலுமாக அப்பாவின் முன்னால் முழங்காலில் இருந்து, அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்தார்.

"ஐயோ சேர், விடுங்கோ! காலைப் பிடியாதேங்கோ!" என்று அப்பா தமிழிலேயே கத்தினார்.

"எவ்வளவு நாளாக இப்படி?"

"சப்பாத்து..." என்று அப்பா தொடங்கினார்.

"நகம்," என்றார் அதிபர். என்னைக் கூப்பிட்டார். "நீங்கள் பிடியுங்கள். என்ன தெரிகிறது?"

நான் அப்பாவின் காலைப் பிடித்தேன். அவர் முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் பழுத்த மிளகாய் மாதிரிச் சிவந்திருந்தது. இந்தக் காலோடா இந்த மனுசன் நாள் முழுக்கத் தொழிற்சாலையில் நின்றார் என்று நினைக்க, எனக்கு உண்மையிலேயே அழுகை வந்தது.

"வீக்கம் இருக்கிறது. நகம் சதைக்குள் போயிருக்கிறது," என்றேன். "நோயாளி பொய் சொல்கிறார்."

அதிபர் அப்போதுதான் சிரித்தார். இடம் எனக்குத்தான் என்றார்.

இப்போது பீலெஃபெல்டில் எனக்கென்று ஒரு சின்ன வைத்திய நிலையம் இருக்கிறது. ஆறு வாரத்துக்கு ஒருக்கா அப்பா வருவார். அவருக்கு வேண்டியது நகம் வெட்டுவதல்ல. காத்திருக்கிற தமிழ் ஆக்கள்தான். காலை நீட்டிக்கொண்டு தொடங்கிவிடுவார். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை என்பதால் என்னால் மறுக்கவும் ஏலாது.

"இவளுக்கு இடம் கேட்டு நான் ஒருத்தரின்ர காலையும் பிடிக்கேல்லை. அந்த அதிபர்தான், டையும் கட்டிக்கொண்டு, முழங்காலில நிண்டு என்ர காலைப் பிடிச்சவர். விடுங்கோ விடுங்கோ எண்டு கத்துறன், மனுசன் விடேல்லை. பிறகென்ன, பாவம் எண்டு பிள்ளையைக் குடுத்திட்டன்."