மடியில் வீங்கிய பாட்டில்

எனக்கு உலகத்தில் இரண்டு பேரிடம்தான் பயம். ஒருவர் ஹைட்ரஜன் பெராக்சைடு. இன்னொருவர் என் மாமனார். கல்யாணமான புதிதில், ஒரு மே மாத வெயிலில், இருவரோடும் ஒரே காரில் போக நேர்ந்தது.

பாலாநகரில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. சோயா எண்ணெயைப் பெராக்சைடோடு வினைபுரியவிட்டு, பிளாஸ்டிக் செய்வதற்கான மூலப்பொருளாக மாற்றுவோம். ("பஜ்ஜி போடற எண்ணெயிலயா?" என்றார் மாமியார்.) கடைசியில், மிச்சமிருக்கும் பெராக்சைடு போகும்வரை திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும்; இல்லையென்றால் அது சூட்டில் வாயுவாகப் பிரியும். ஊரின் மறுகோடியில், கச்சிபௌலியில் இருந்த வாடிக்கையாளரிடம் சாம்பிள் காட்டும் அவசரத்தில், நான் பாதியிலேயே நிறுத்தி, பாட்டிலில் ஊற்றி மூடியை இறுக்கிவிட்டேன்.

கேப் கிடைக்கவில்லை. "நானே கொண்டு விடறேன்" என்றார் மாமனார். ஏவுகணைகளோடு காலம் கழித்து ஓய்வு பெற்றவர். ஏசி போட்டால் மைலேஜ் போய்விடும் என்பது அவர் கொள்கை.

கச்சிபௌலி டிராஃபிக்கில் கார் நின்றது. மடியைப் பார்த்தேன். பாட்டில் உப்பியிருந்தது. மூடியோரம் மெல்லிய சீறல்.

"என்னம்மா சத்தம்?"

"கொஞ்சம் ஆக்சிஜன், மாமா."

"வெடிக்குமா?"

பொய் சொல்ல நாக்கு எழவில்லை. "தெரியல, மாமா."

அடுத்த நொடி டிரைவர் கதவு திறந்துகிடந்தது. மாமனார் டிவைடர்மேல் நின்றார்.

"தூக்கிப் போடும்மா வெளிய!"

"சாம்பிள், மாமா!"

காரை விட்டுவிட்டு ஏன் ஓடுகிறார் என்று பின்னாலிருந்த ஆட்டோக்காரர் உருதுவில் கத்தினார்: "கார் சோட்கே கைக்கு பாக்ரே, சாப்?"

"பாம்!" என்றார் மாமனார். பழக்கதோஷம். சுற்றியிருந்த டூவீலர்கள் எப்படி மறைந்தன என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

காரில் நானும் அதுவும் மட்டும். பாதுகாப்புக் கண்ணாடி போடவில்லையே, கண் போனால்? அழுகை முட்டியது. துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு, மூடியை மயிரிழை மயிரிழையாகத் திருகினேன். உஸ்ஸ்ஸ்... பிறகு எண்ணெய் நுரையாகப் பொங்கி என்மேல், சீட்மேல், டாஷ்போர்டுப் பிள்ளையார்மேல்.

மிஞ்சிய பாதி பாட்டிலோடு, தலையில் எண்ணெய் வழியப் போய் நின்றேன். வாடிக்கையாளர் முகர்ந்து பார்த்து, "சரியா கழுவலையாம்மா?" என்றார். வேலை போகவில்லை. மறுபடி கழுவச் சொன்னார்கள்.

இப்போதும் எந்த விசேஷத்திலும் மாமனார் இந்தக் கதையைச் சொல்வார். அதில் கதவைத் திறந்து ஓடுவது நான். பாட்டிலைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பது அவர்.

நான் மறுப்பதில்லை. அவர்மேல் இருந்த பயம் அன்றே போய்விட்டது.