பெருநாளைக்கு மறுநாள் நோன்பு

முஹைதீன் ஹாஜியாரின் முன்வாயில் மரை போட்டுப் பதித்த பல் இரண்டும், மகள் ஜஹானாவைப் பெண் பார்க்க வரும் அன்று காலையிலா ஆட வேண்டும்? கழற்றிப் புதிதாகப் பதிக்கலாமென்றால், கண்டியிலுள்ள கிளினிக் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மூடிக் கிடந்தது. பதித்த டொக்டரின் பெயர்கூட அவருக்கு நினைவில்லை. மாஸ்க்குக்கு மேலே இரண்டு கண்தான் ஞாபகம். ஆள் மட்டும் கையில் அகப்படட்டும் என்று கறுவிக்கொண்டிருந்தார்.

"இண்டைக்கு வாயத் தொறக்கவே வேணாம்," என்றாள் மனைவி சித்தி றலியா. முந்தின இரண்டு சம்பந்தமும் ஹாஜியாரின் வாயால்தான் முறிந்தன. இந்த டொக்டர் மாப்பிள்ளையையோ ஜஹானாவுக்குப் போட்டோவிலேயே பிடித்துப்போயிருந்தது.

ஹாஜியாரின் கட்டுகஸ்தோட்டை வீட்டு வாசலில் அவரைக் கண்டதும் மாப்பிள்ளை அஸ்ஃபர் ஒரு எட்டுப் பின்வாங்கினான். தங்கை பஸ்லினாவின் காதில் ஏதோ கிசுகிசுத்தான். பிறகு கதிரையில் உட்கார்ந்தவன் குனிந்த தலை நிமிரவில்லை, பேச்சுமில்லை. பல்லைக் கண்டுவிட்டான் என்று ஹாஜியார் உதட்டை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

ஹாஜியாருக்குத் தொண்டை கட்டிவிட்டதென்று றலியா சமாளித்தாள். மாப்பிள்ளையின் வாப்பா ஒரு மௌலவி, இரக்கமுள்ள மனிதர். கொத்தமல்லி அவித்துக் கொடுக்கச் சொன்னார். கொதிக்கக் கொதிக்க வந்த கோப்பையைப் பார்த்ததும் ஹாஜியார் பதறிப்போய், உதட்டைப் பிரிக்காமலே, "நோன்பு," என்று முனகிவிட்டார்.

மௌலவியின் முகம் மாறியது. "பெருநாளைக்கு மறுநாள் நோன்பு பிடிக்கிறது ஹராமாச்சே ஹாஜியார். இப்பவே தொறந்துடுங்க," என்று தட்டிலிருந்த மஸ்கட் அல்வாத் துண்டொன்றைத் தம் கையாலேயே நீட்டினார்.

மறுக்க வழியில்லை. ஹாஜியார் கடித்தார். பல் இரண்டும் மஸ்கட்டிலேயே தங்கிவிட்டன.

இதுவும் போச்சு என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது அஸ்ஃபர் பக்கத்தில் நின்று, உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எங்கட மகன் பல் டொக்டர்தானே," என்றார் மௌலவி, பெருமையோடு.

"எலும்புல பிடிக்கல்ல மாமா. புண் ஆறினதும் நானே புதுசாப் பதிச்சுத் தாறேன்."

ஹாஜியாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எழுந்து அவனைக் கட்டிக்கொண்டார். இந்தப் பிள்ளைக்குத்தான் ஜஹானா என்று சபையில் வாக்கும் கொடுத்துவிட்டார். நிம்மதியில் பொக்கை வாயும் தாராளமாகத் திறந்துகொண்டது. "நீங்க தங்கம் மகன். மொதல்ல பதிச்சான் பாருங்க ஒரு படுபாவி, அவன் மட்டும் கெடச்சா..."

பஸ்லினா அண்ணனைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "அதுவும் எங்கட நானாதான் மாமா. வாசல்ல ஒங்களக் கண்டதுலேருந்து, பொண்ணு தரமாட்டீங்க எண்டு பயந்துதான் வாயே தொறக்கல்ல."