நாற்பத்தொரு உடைந்த பிஸ்கட்டுகள்

திரையில் பத்துப் புள்ளிகள். ஒன்பது புள்ளிகள் சொன்ன பேச்சைக் கேட்டுக் கோட்டின் மேல் ஒழுங்காக உட்கார்ந்திருந்தன. ஐந்தாவது மட்டும் தனியாக உச்சியில் நின்றுகொண்டு பழிப்புக் காட்டியது.

பிஸ்கட் ஃபாக்டரிக்குப் புது அடுப்பு வந்திருந்தது. அதை எத்தனை டிகிரியில் வைத்தால் பிஸ்கட் குறைவாக உடையும் என்று கண்டுபிடிப்பது அவன் பொறுப்பு. எந்நேரமும் கம்ப்யூட்டரில் கோடு போட்டுக்கொண்டிருப்பதால் அங்கே அவனுக்கு 'வளைகோடு' என்று பெயர். நாளுக்கு ஒரு சூடு என்று நூற்றெழுபதிலிருந்து இருநூற்றறுபது வரை பத்து நாள் சுட்டார்கள். தினமும் நூறு பிஸ்கட்டைப் பெட்டியில் போட்டுக் குலுக்கி, உடைந்ததை எண்ணி நோட்டில் எழுதியவர் சோதனை அறை அக்கா. இப்போது அதே சோதனை அறையில், அவனுக்குப் பக்கத்து மேஜையில், ஒரு காதில் இயர்போனோடு, ஃபோனில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார்.

சூடு ஏற ஏற உடைவது குறைந்தது. இருநூற்றுப் பத்தைத் தாண்டியதும் மறுபடி ஏறியது. கிண்ணம் மாதிரி அழகான கோடு. ஆனால் அந்த இருநூற்றுப் பத்தில், ஆறோ ஏழோ இருக்க வேண்டிய இடத்தில், நாற்பத்தொன்று!

ஃபோன் அடித்தது. மனைவி.

"என்னங்க, லெட்டர் குடுத்துட்டாங்களா?"

மூன்று வருஷமாக அவன் தற்காலிக ஊழியன். இன்று மதியத்துக்குள் சரியான சூட்டைச் சொன்னால் வேலை நிரந்தரம். சொல்லாவிட்டால் இந்த மாதத்தோடு சரி.

"இன்னும் இல்ல. ஒரு புள்ளி படுத்துது."

"ஒண்ணே ஒண்ணுதானே? அழிச்சுத் தொலைங்க. நான் எங்க அண்ணிகிட்ட வேற சொல்லிட்டேன்."

"அதெல்லாம் தப்பு. உனக்குப் புரியாது" என்று வைத்துவிட்டான்.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "எல்லாப் புள்ளியையும் தொடுற மாதிரி ஒரு கோடு போட்டா என்னய்யா?"

போட்டான். சமன்பாட்டை அனுமார் வால் மாதிரி நீட்டி, குறைவாக உடையும் சூட்டைத் தேடித் தரும் 'சால்வர்' ப்ரோக்ராமைத் தட்டினான். கோடு பத்தையும் தொட்டது. தொட்டுவிட்டு, நடுவில் பேய் பிடித்ததுபோல் ஏறி இறங்கியது.

"நூத்தி எழுபத்தஞ்சுல வைக்கச் சொல்லுது சார்."

"எத்தனை உடையும்?"

"மைனஸ் பதினெட்டு."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்படின்னா? நூறு போட்டா நூத்திப் பதினெட்டா வருமா?"

பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது என்று ஒரு நிபந்தனை சேர்த்தான். சால்வர் பூஜ்யத்தைத் தேடிக்கொண்டு எங்கெங்கோ போய், கடைசியில் நாற்பது டிகிரியில் உட்கார்ந்தது.

"நாப்பதுல அது பிஸ்கட்டே இல்லய்யா, மாவு! மாவு எப்படி உடையும்?" மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னண்டுக்கு அடுப்பைப் பத்த வைக்கணும். அரை மணி நேரம் இருக்கு. முடியாதுன்னா சொல்லிடு, வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

மேனேஜர் வெளியே போனதும், பயத்தில் அவனுக்கு நியாயம், தர்மம் எல்லாம் மறந்துபோனது. அறையைச் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு ஐந்தாம் புள்ளியை அழித்தான்.

சால்வர் கண்ணை மூடித் திறப்பதற்குள் தீர்வு சொன்னது: இருநூற்றுப் பத்து. ஒன்பது புள்ளிகளும் முடியளவு விலகாமல் கோட்டில் இருந்தன.

மேனேஜர் திரும்பி வந்து திரையைப் பார்த்தார். "அந்த நாப்பத்தொண்ணு எங்கய்யா போச்சு?"

"அன்னிக்கு அக்காவுக்குக் கண்ணு சொக்கியிருக்கும் சார். மத்த ஒம்பது நாளும் பாருங்க, என்ன நேர்த்தி! இவ்வளவு சுத்தமா எண்ணுறவங்களை நான் பார்த்ததே இல்ல."

தன்னைப் பற்றிய பேச்சு என்று தெரிந்து அக்கா வெட்கத்தோடு சிரித்தார். பிறகு சீரியலுக்குத் திரும்பினார்.

மேனேஜர் லெட்டரில் கையெழுத்துப் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "முதல் தட்டு வரட்டும். கையில தர்றேன்."

அடுப்படியில் முதல் தட்டு வெளியே வந்தது. வாசனை பிரமாதம். நூறை எடுத்துக் குலுக்கி, உடைந்ததை மேனேஜர் தானே உட்கார்ந்து எண்ணினார். அவன் கூடவே மனசுக்குள் எண்ணினான். பத்து வந்தபோது சமாளித்துக்கொண்டான். இருபதில் வியர்த்தது. நாற்பத்திரண்டில் முடிந்தது.

மேனேஜர் லெட்டரை எடுத்து நான்காக மடித்து, கால்சட்டைப் பையின் அடியில் திணித்தார்.

நோட்டைத் தூக்கிக்கொண்டு அவன் சோதனை அறைக்கு ஓடினான். மேனேஜர் பின்னாலேயே வந்தார்.

"அக்கா! இதோ பாருங்க, இருநூத்திப் பத்து, நாப்பத்தொண்ணுன்னு எழுதியிருக்கீங்களே. அன்னிக்கு மட்டும் என்ன ஆச்சு?"

அக்கா இயர்போனைக் கழற்றிவிட்டு நோட்டைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார்.

"ஓ, அன்னிக்கா? அன்னிக்கு ஃபோன்ல சார்ஜ் இல்ல தம்பி, அதனால உக்காந்து எண்ணினேன்."